பெற்றோர் ஆசையும் பிள்ளைகள் வாழ்வும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசுவதற்குப் பேராசிரியர்களையும் புலவர்களையும் அழைப்பதே வழக்கம். இவ்வாண்டு, பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தறியாத பார்சல் ஆபீசு குமாஸ்தா ஒருவரை மேடையேற்றியிருக்கிறார்கள். செயற்குழுவின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். எமக்குத் தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லை. ஆனால் கோட்டா ஜங்ஷனில் பல ஆண்டுகளாகப் பெட்டிகளை எடை போட்டு வருகிறோம். அந்தப் பெட்டிகளோடு வந்து போகும் பிள்ளைகளின் முகங்களையும் பார்த்து வருகிறோம். அதைப்பற்றிப் பேச எமக்கு ஓரளவு உரிமை உண்டு என்று கருதியே இந்த மேடையில் நிற்கிறோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நமது நிலையத்தின் தோற்றம் எப்படி மாறுகிறது என்பதைக் காலனியில் வாழும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும், சில வேளைகளில் நமது தமிழ்நாட்டிலிருந்தும், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். தந்தையார் ஒரு கையில் தகரப் பெட்டியும், தாயார் ஒரு கையில் ஊறுகாய் ஜாடியும் ஏந்தி வருகிறார்கள். சுருட்டிய மெத்தை, பக்கெட்டு, மேசை விளக்கு, சுவாமி படம் என்று ஒரு சிறு குடித்தனமே வண்டியிலிருந்து இறங்குகிறது. இறங்குகிறவர்களில் அதிகம் பேசாதவர் யார் என்று பார்த்தால், யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

சம்பல் நதிக்கரையில் உள்ள இவ்வூர் முன்பு கல்லுக்கும், கைத்தூன் நெசவாளர் நெய்யும் கோட்டா டோரியா சேலைக்கும் பெயர் பெற்றிருந்தது. பின்னர் ஆலைகளால் வளர்ந்தது. ஜே.கே. சிந்தெட்டிக்ஸ் ஆலையில் இஞ்சினீயராக இருந்த வி.கே. பன்சல் என்பவர், தசை நோயால் கைகால் தளர்ந்த நிலையில், 1980-களில் தம் வீட்டு உணவு மேசையைச் சுற்றிச் சில பிள்ளைகளை உட்காரவைத்துக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் ஐ.ஐ.டி. தேர்வில் தேறினர். செய்தி பரவியது. 1997-இல் ஆலை மூடப்பட்டது. பயிற்சி நிலையங்கள் பெருகின. ஒரு காலத்தில் இங்கு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் தொகை இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்ததாகச் சொல்வார்கள். 2024-இல் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. பன்சல் அவர்கள் 2021-இல் காலமானார். அவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. நோயுற்ற ஒருவர் தமக்குத் தெரிந்த கல்வியைக் கொண்டு பிழைத்தார். பல ஏழைப் பிள்ளைகளை உயர்த்தவும் செய்தார். விரும்பி வந்து, படித்து, வென்று சென்ற பிள்ளைகளை யாமும் பார்த்திருக்கிறோம். அவர்கள் வேறு வகை. அவர்கள் வண்டியிலிருந்து இறங்கும் விதமே வேறு.

ஆசை பிள்ளைக்குரியதாக இல்லாமல் பெற்றோருக்குரியதாக இருக்கும்போது நேர்வதைப் பற்றியே யாம் பேச வந்தோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குமாஸ்தாவுக்குக் கணக்கு இல்லாமல் பேச்சு வராது. 2024-ஆம் ஆண்டில் மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வை எழுதியோர் 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நாடு முழுவதிலும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஐ.ஐ.டி.களில் அவ்வாண்டு இருந்த இடங்கள் 17,740. அதற்கான முதல்கட்டத் தேர்வை எழுதியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஆகவே வகுப்பில் உள்ள பிள்ளைகள் அனைவரும் சான்றோராயினும், அனைவரும் இரவு பகலாகப் படித்தாலும், பெரும்பாலோர் தோற்றே தீர வேண்டும் என்பது தேர்வின் அமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. இருபது படுக்கை உள்ள பெட்டிக்கு நானூறு பேருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, இடம் பெறாதவனைப் பார்த்து நீ ஏன் முயலவில்லை என்று கேட்பதற்கு இது ஒப்பாகும்.

மற்றொரு கணக்கும் உண்டு. அதைச் சொல்ல நா எழவில்லை. சொல்லாமல் விடுவதும் முறையன்று. தேசியக் குற்ற ஆவணத் துறையின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். தேர்வு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல இயலாது. ஒரு மரணத்துக்குப் பல வேர்கள் இருக்கும். நமது கோட்டாவில் மட்டும் 2023-இல் இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், பயிற்சி நிலையங்கள் இரண்டு மாதம் தேர்வே நடத்தக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிட நேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அதற்கும் முன்பு, 2016-இல், அப்போதைய மாவட்ட கலெக்டர் பெற்றோர்களுக்கு ஐந்து பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கனவுகளைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றாதீர்கள் என்பதே அதன் சாரம். ஒரு மாவட்டத்தின் தலைமை அதிகாரி, வரி வசூலைப்பற்றியோ வெள்ளத்தைப்பற்றியோ எழுதாமல், அப்பா அம்மாவாக எப்படி இருக்க வேண்டும் என்று எழுத நேர்ந்தது! 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இவ்விஷயம் வந்தபோது, நீதிபதி சஞ்சீவ் கன்னா அவர்கள், குற்றம் பயிற்சி நிலையங்களுடையதன்று, பெற்றோரின் எதிர்பார்ப்பே காரணம் என்ற கருத்தைத் தெரிவித்தார். யாம் இதனை முழுமையாக ஏற்கத் தயங்குகிறோம். வாரந்தோறும் தேர்வு வைத்து, மதிப்பெண்ணின்படி பிள்ளைகளை மேல் வகுப்பு, கீழ் வகுப்பு என்று பிரித்து, அந்த வரிசை எண்ணைத் தந்தையின் கைபேசிக்கு உடனே அனுப்பிவைப்போருக்கும் பொறுப்பு உண்டு. 2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம், அப்படிப் பிரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும், நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. ஆயினும் அந்தக் கைபேசிச் செய்தியைப் படித்துவிட்டுப் பிள்ளையிடம் என்ன பேசுகிறோம் என்பதை எந்த நீதிமன்றமும் வகுக்க இயலாது.

நிற்க. இனி யாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். சம்பந்தப்பட்டவர்களின் ஊரையும் பெயரையும் சொல்லப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், கொங்கு நாட்டிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். பார்சல் ஆபீசில் யாம் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "சார், இந்த ஊரில் எங்களுக்கு ஆளே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் பையனுக்கு ஒரு வாய் சாம்பார் சாதம் கிடைத்தால் போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எமது இல்லத்தரசியும் மறுக்கவில்லை. பையன் ஞாயிறுதோறும் வரலானான். எம்மை மாமா என்றும், அவர்களை அத்தை என்றும் அழைப்பான்.

நல்ல பிள்ளை. கை சும்மா இராது. கோட்டாவின் வெயிலில் கூலர் இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கூலரின் பம்பு நின்றுபோயிருந்தது. அரைமணி நேரத்தில் கழற்றித் துடைத்து ஓடவைத்தான். அடுத்த வாரம் மிக்ஸி. அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டு மேசை விசிறி. அவன் ஊரில் தாய்மாமனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருந்ததாம். கிணற்று மோட்டார்கள் எரிந்து வரும். செம்புக் கம்பியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும், எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பதை அவன் விளக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அவன் இங்கே படித்துக்கொண்டிருந்ததோ, தவளையின் குடலையும் தாவரத்தின் வேரையும் பற்றி. அவனுடைய தந்தையார் இளமையில் டாக்டராக விரும்பியவர். இயலாமல் மருந்துக்கடை வைத்தவர். மகன் டாக்டராகித் தம் கடைக்கு மாடியிலேயே கிளினிக் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாடியும் கட்டியாகிவிட்டது.

தீபாவளிக்கு அவன் ஊருக்குப் போகவில்லை, தேர்வு இருந்தது. டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, அவன் சென்றபின், "அந்தப் பிள்ளை சிரித்து இரண்டு மாதம் ஆகிறது, கவனித்தீர்களா?" என்று எமது மனைவி கேட்டார். யாம் கவனிக்கவில்லை. கேட்ட பின்பாவது அறிவுடன் நடந்தோமா? இல்லை. அடுத்த வாரம் அவனை உட்காரவைத்து ஒரு நீண்ட உபதேசம் செய்தோம். தந்தை எவ்வளவு கஷ்டப்படுகிறார், யாம் சிறுவயதில் தெருவிளக்கில் படித்தோம் என்றெல்லாம் அளந்தோம். உண்மையில் எமது வீட்டில் விளக்கு இருந்தது. உபதேசம் என்றால் தெருவிளக்கு வந்துவிடுகிறது. பையன் தலைகுனிந்து, "சரி மாமா" என்றான். அதன்பின் மூன்று ஞாயிறு அவன் வரவில்லை.

நான்காவது வாரம், வேலை நாளில், பார்சல் ஆபீசு ஜன்னலில் வந்து நின்றான். அதே தகரப் பெட்டி. "இதை ஊருக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் மாமா?" என்றான். "நீ எந்த வண்டியில் போகிறாய்?" என்று கேட்டோம். "பெட்டி மட்டும் போகட்டும்" என்றான்.

அன்பர்களே, அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ பெட்டிகளைப் பதிவு செய்திருக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டபோது கையிலிருந்த பேனா நகரவில்லை. மேசையைச் சகபணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து, அவன் தோளைப் பிடித்து, தேநீர்க்கடையில் உட்காரவைத்தோம். உபதேசம் செய்யவில்லை, செய்யத் தெம்பும் இல்லை. பின்னர் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அன்றிரவு முழுவதும் அவனைத் தனியே விடாமல் எமது மனைவி அருகிலேயே இருந்தார். அவனிடம் நேராகவே கேட்டார்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?" யாம் அதிர்ந்துபோனோம். அவ்வாறு கேட்கக்கூடாது, கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அவ்வாறன்று, கேட்பதே நல்லது என்று மறுநாள் மனநல மருத்துவர் எமக்குச் சொன்னார். பையன் அன்றுதான் அழுதான். அவன் அழுதது கண்டு எமக்கு உயிர் வந்தது.

தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "டெஸ்டில் மார்க் என்ன?" என்பது. அவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் நாள் காலை, முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார். திண்ணையில் உட்கார்ந்து, பையிலிருந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பயிற்சிக் கட்டணம், விடுதிக் கட்டணம், தோட்டத்தின் மேல் வாங்கிய கடன். "யாருக்காகச் சார் இதெல்லாம்?" என்று கேட்டார். எம்மால் விடை சொல்ல முடியவில்லை. பையன்தான் மெதுவாகப் பேசினான். "எனக்கு மோட்டார் வேலைதான் பிடிக்கும் என்று இரண்டு தரம் சொன்னேன் அப்பா. ஒரு தரம் நீங்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு தரம் சிரித்தீர்கள்."

அந்தத் தந்தை நெடுநேரம் ரசீதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவற்றை அடுக்கிப் பையில் வைத்தார். இருவரும் மறுநாள் ஒரே வண்டியில் ஊர் திரும்பினார்கள். பெட்டி அவர்களுடனேயே போயிற்று. யாம் பதிவுக் கட்டணம் பெறவில்லை, அது அவர்கள் டிக்கெட்டுக்குரிய எடைக்குள் அடங்கியது. அவன் ஊர்ப்பக்கத்துப் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமா முடித்துவிட்டான். ஆண்டுதோறும் பொங்கலன்று பேசுகிறான். கடைக்கு மேலே உள்ள மாடி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதாம்.

எல்லாக் கதைகளும் இவ்வாறு முடிவதில்லை. பெரும்பாலான வீடுகளில் உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. வெளியே தெரியும்படி ஒன்றும் நிகழ்வதில்லை. பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறான். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்கிறான். தந்தைக்கு ஒரு முகம், தோழனுக்கு ஒரு முகம். எதைக் கேட்டாலும் "உங்கள் இஷ்டம்" என்கிறான். அதைப் பணிவு என்று எண்ணி நாம் பூரித்துப்போகிறோம். முப்பது வயதில் அவன் தானாக ஒரு முடிவு எடுக்க வேண்டிய நாளில் எடுக்கத் தெரியாமல் திகைக்கிறான். அப்போது, இவனுக்குச் சாமர்த்தியம் போதாது என்று நாமே குறை சொல்கிறோம்.

தால்வண்டியில் உள்ள ராதாகிருஷ்ணர் கோவிலுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். பயிற்சி மாணவர்கள் தம் வேண்டுதல்களை அங்கே சுவரில் எழுதிவைப்பது வழக்கம். ஒரு முறை வரிசையாகப் படித்துப் பார்த்தோம். எனக்கு இது வேண்டும் என்று எழுதியவர்கள் உண்டு. அம்மாவும் அப்பாவும் மகிழ வேண்டும் என்று எழுதியவர்களும் பலர். கடவுளிடம் கேட்கும்போதுகூடத் தமக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு.

தமிழர்களாகிய நமக்கு இதில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் அவர்களின் தந்தையார் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தில் வல்லவனாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. மகனுக்கோ தமிழின்மீதே பித்து. தமிழ் படித்து என்ன பயன், இங்கிலீஷ் படிக்கட்டும், இல்லையேல் சமஸ்கிருதம் படிக்கட்டும் என்று சொன்ன உறவினர்களுக்கும் பஞ்சமில்லை. அந்த ஏழைத் தந்தை என்ன செய்தார்? மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து, குடும்பத்துடன் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். 1871-இல் மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்படைத்தார். 1887-இல் சீவக சிந்தாமணியும், 1894-இல் புறநானூறும் அச்சில் வெளிவந்தன. இன்று மதராசிலிருந்து இவ்வளவு தொலைவில் நாம் ஒரு சங்கம் வைத்துப் பழந்தமிழைப்பற்றிப் பெருமை பேசுகிறோமென்றால், அந்தத் தகப்பனாரின் கால்நடைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

எம்மைப்போன்ற குமாஸ்தா ஒருவரையும் சொல்ல ஆசை. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமல் எப்.ஏ. தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். இங்கிலாந்துக்கு அழைப்பு வந்தபோது கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஒவ்வாது என்பதால், முதலில் தாயார் கோமளத்தம்மாள் இசையவில்லை. பின்னர் நாமகிரித் தாயார் கனவில் வந்து ஆணையிட்டதாகக் கூறி விடை கொடுத்தார். 1914 மார்ச்சில் மகன் கப்பலேறினார். கனவு மெய்யோ பொய்யோ, எமக்குத் தெரியாது. பிள்ளையை விடுவதற்கு ஒரு தாய்க்குத் தெய்வத்தின் துணை வேண்டியிருந்தது என்பது மட்டும் நன்கு புரிகிறது. அவ்வளவு எளிதான காரியமன்று அது.

கற்றோர் அவையில் மகனை முன்னிற்கச் செய்வதே தந்தை செய்யத்தக்க உதவி என்ற கருத்தை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். எந்த அவை என்று அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிடாமல் விட்டதில் ஒரு காரணம் இருக்கும் என்பது எமது எளிய எண்ணம்.

பெண் பிள்ளைகளின் நிலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண் பிள்ளைக்கு நாம் வேலையைத் தீர்மானிக்கிறோம். பெண் பிள்ளைக்கோ படிப்பை, வேலையை, மணமகனை, அவன் ஊரை, சில வேளைகளில் அவள் சிரிப்பதற்குரிய அளவையும் தீர்மானிக்கிறோம். வெளிமாநிலத்தில் இருக்கிறோம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது நமது காலனியில் வழங்கும் வாக்கியம். அந்த நாலு பேர் யார்? நாம்தான். இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். குழந்தைகளுக்குத் தம் வாழ்வைப்பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு, அதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று கூறும் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தை இந்தியா 1992-இலேயே ஏற்றுக்கொண்டது. நமது குவார்ட்டர்சுகளுக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை போலும்.

இவ்வளவும் பேசிவிட்டு எமது வீட்டைப்பற்றிச் சொல்லாமல் இறங்கினால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எமது மகள் சிரிப்பாள். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறோம்.

எமது தந்தையார் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். பத்தாவது தேறியதும் ரயில்வேதான் என்று முடிவு செய்துவிட்டார். அந்நாளில் எமக்குப் படம் வரைவதில் ஆசை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியரின் பின்னால் திரிந்துகொண்டிருந்தோம். தந்தையார் எம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை யாமே ரயில்வே என்று சொல்லியிருக்கலாம். வீட்டு நிலைமை அப்படி. இந்த உத்தியோகம் எமக்குச் சோறு போடுகிறது, அதனை இகழ மாட்டோம். ஆயினும் கேட்கவில்லை என்பது மட்டும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உறுத்துகிறது. இந்த உறுத்தலை அறிந்த யாம், எமது மகள் விஷயத்தில் வேறு விதமாக நடந்திருக்க வேண்டுமல்லவா? நடக்கவில்லை. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோதே டாக்டர் என்று சொல்லித் திரிந்தோம். அலுவலகத்தில், கோவிலில், இந்தச் சங்கத்தில் கூடச் சொல்லியிருக்கிறோம். உங்களில் சிலர் அவளை டாக்டரம்மா என்று அழைத்ததும் உண்டு. மற்றவன் மகனுக்கு அவ்வளவு நடந்ததைக் கண்ணால் கண்ட பின்பும் அழைத்துக்கொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், தான் ரயில் எஞ்சின் ஓட்டப் போவதாகச் சொன்னாள். யாம் சிரித்தோம். சிரித்தவுடனே அந்தப் பையன் சொன்னது நினைவுக்கு வந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டோம். "பெண் பிள்ளைக்கு இது ஆகுமா?" என்று கேட்டோம். 1988-இலேயே சுரேகா யாதவ் அவர்கள் நம் நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநரானார், ரயில்வேயில் இருக்கும் அப்பாவுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டாள். தெரியும். இரவு வண்டி, தூக்கம் கெடும், வெயில், தண்டவாளத்தில் வந்து விழும் மாடுகள் என்று எமக்குத் தெரிந்த தொல்லைகளை எல்லாம் அடுக்கினோம். அவற்றையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள். ரன்னிங் ரூமில் போய்ப் பெண் உதவி ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள், யாம் அறியோம்.

இரண்டு மாதம் வீட்டில் பேச்சு வார்த்தை சரியாக இல்லை. எமது மனைவி இரு பக்கமும் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். இறுதியில் பாலிடெக்னிக்கின் மெக்கானிக்கல் டிப்ளமா விண்ணப்பத்தில் கையெழுத்து இட்டோம். மனம் முழுவதும் ஒப்பி இட்டோம் என்று இந்த மேடையில் பொய் சொல்ல மாட்டோம். இரவு மழையில் சரக்கு வண்டியின் விசில் கேட்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது. அவளோ அந்த விசிலைக் கேட்டு எந்த எஞ்சின் என்று சொல்கிறாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

முடிப்பதற்கு முன் இரண்டு செய்திகள். முதலாவது, 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கு மட்டுமன்று, ரசீதுகளை வைத்துக்கொண்டு திகைக்கும் பெற்றோருக்கும் அது உண்டு.

இரண்டாவது, செயற்குழுவின் இசைவோடு அறிவிப்பது. வருகிற மாதம் முதல் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், தமிழ் வகுப்பு முடிந்தபின், சங்கக் கட்டடத்தில் கோட்டாவில் தங்கிப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நமது காலனிப் பிள்ளைகளுக்கும் பகல் உணவு இருக்கும். முதல் மாதச் சாம்பார் எங்கள் வீட்டைச் சார்ந்தது. மற்ற மாதங்களுக்கு முன்வருவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளைகள் பேசுவார்கள். பெரியவர்கள் வரலாம், உட்காரலாம், பாயசம் பரிமாறலாம். அந்த ஒரு மணி நேரம் பெரியவர்கள் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. இந்த விதியை எழுதியவள் எமது மகள். அதனை மீறக்கூடிய முதல் ஆள் என்று எமது பெயரைப் பட்டியலின் தலைப்பில் எழுதிவைத்திருக்கிறாள்.

நாடகத்துக்கு நேரமாகிவிட்டது, குழந்தைகள் திரையை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.